நான் பார்த்த குருதி, காவ்யா பார்த்த பிள்ளைகள்

1

“நீ ஏன் அன்றைக்கே ‘ஓம்’ என்று சொல்லவில்லை?”

சென்ற கிழமை மெட்டெ கேட்ட கேள்வி இது. மெட்டெ, டென்மார்க்கின் ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தின் தலைவி. கோபமாகக் கேட்கவில்லை. மெசினில் கோப்பி நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு, வெளியே மழையா என்று விசாரிப்பது போலக் கேட்டார். நான் சிரித்தேன். இங்கே சிரிப்பைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தெரிந்தும் சிரித்தேன்.

நடந்ததைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் ஆய்வு, ஆபிரிக்கப் பிள்ளைகளுக்கு வரும் கடும் மலேரியாவையும் அரிவாள்கல நோய் என்ற பரம்பரைக் குருதி நோயையும் பற்றியது. பிள்ளைகள் இருப்பது கிழக்கு உகண்டாவில் ஒரு மருத்துவமனையில். அவர்களின் குருதித் துளிகள் காய்ந்து, சாயமிடப்பட்டு, கண்ணாடித் துண்டுகளாக எங்களிடம் வரும். போன கோடை முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை, பாணும் சீஸும் வைத்துக்கொண்டு வழக்கமான காலைக் கூட்டத்தில் இருந்தோம். அந்த மருத்துவமனைக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், ஒருவர் போக வேண்டும் என்றார் மெட்டெ. அங்குள்ள ஆய்வுகூடத்தாருடன் சேர்ந்து, எடுத்த குருதியை எடுத்த இடத்திலேயே பார்க்கும் வேலை. சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். “உனக்குப் போக விருப்பமா?”

என் நெஞ்சு அடித்தது பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும் என்றே நினைத்தேன். வாய் சொன்னது வேறு. “இல்லை, பரவாயில்லை. மகள் இன்னும் சின்னவள். வேறு யாராவது விரும்பினால் அவர்கள் போகட்டும்.”

இதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டுக்குப் போகிறோம். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்கிறார்கள். “ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறம்” என்கிறோம். அவர்கள் அதைக் காதிலேயே போடாமல் கேத்திலை அடுப்பில் வைக்கிறார்கள். அந்த வேண்டாம் ஒரு மரியாதை. கேட்ட வாய் மூடுமுன் ஓம் என்றால், அதற்காகவே வந்து குந்தியிருந்தது போல ஆகிவிடும். நான் சொன்னதும் அந்த வேண்டாம்தான். மெட்டெ இன்னொரு தரம் கேட்பார், நான் கொஞ்சம் யோசிப்பது போல இருப்பேன், பிறகு சரி என்பேன். எனக்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

“நோ, ஓகே” என்றார் மெட்டெ. டெனிஷில் இந்த இரண்டு சொல்லோடு ஒரு விடயம் முடிந்துபோகும். பாண் தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிட்டு, “வேறு யார்?” என்றார்.

காவ்யா கையை உயர்த்தினாள்.

அந்த அறையில் இருந்தவர்களில், என் வேண்டாம் எப்படிப்பட்டது என்று தெரிந்திருக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

2

காவ்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “பேர மாத்திராதீங்கக்கா, எங்கம்மா படிப்பாங்க” என்றாள். அவளுக்கு எதுவும் இப்படித்தான்.

ஊர் திருச்சி. கலாநிதிப் பட்டத்துக்காக ஓகூஸ் வந்தவள். கல்யாணம் ஆகவில்லை. மழையிலும் சைக்கிளில் வருவாள், தலையைத் துவட்டிக்கொண்டே கதைப்பாள். வந்த முதல் நாள் நான் அவளை “நீர் எந்த ஊர்?” என்று கேட்டதற்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “நீரா? அக்கா, ராஜா காலத்துப் படத்துல அமைச்சர்கிட்ட பேசற மாதிரி இருக்கு!” எங்கள் பக்கம் அது அன்பும் மரியாதையும் கலந்த சொல் என்று விளக்கினேன். அதன்பிறகு அவளும் என்னை “நீர் சாப்பிட்டாச்சா அக்கா?” என்று பகிடி பண்ணத் தொடங்கினாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. ஒரு பிள்ளையின் குருதியை நான் நுணுக்குக்காட்டியில் பார்ப்பேன். வெண்குழியங்களை எண்ணிக்கொண்டு போய், அவற்றுக்கிடையே எத்தனை மலேரியா ஒட்டுண்ணிகள் என்று குறிப்பேன். அதே கண்ணாடித் துண்டை, என் முடிவு தெரியாமல், அவள் பார்ப்பாள். இரண்டு முடிவும் தூரப் போனால் மூன்றாவது ஆள் பார்க்க வேண்டும். எங்கள் இருவருக்கும் மூன்றாவது ஆள் அநேகமாகத் தேவைப்பட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. அவளுக்கும் இருந்திருக்கும்.

அரிவாள்கல நோயின் விசித்திரம் இது: தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்தக் குணம் வந்தால், பிள்ளைக்கு மலேரியா பெரும்பாலும் கடுமையாவதில்லை. அது ஒரு காவல். இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் அதுவே நோய். செங்குழியங்கள் அரிவாள் போல வளைந்து சின்னக் குழாய்களில் அடைபட்டு, பிள்ளை நோவில் துடிக்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மலேரியாவும் வந்தால் குருதி மளமளவென்று குறைந்துபோகும். அந்தப் பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதுதான் எங்கள் ஆய்வு.

என் கணவர் ரமணன் பத்து வயதில் டென்மார்க் வந்தவர். இதைக் கேட்டுவிட்டு, “அப்ப நான் பாதுகாப்பு. அரைவாசிதான் ஊர், மற்ற அரைவாசி டென்மார்க். நீர்தான் முழுசு, கவனம்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு குளிக்கும்போது அது பகிடிதானா என்று யோசித்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்.

பொறாமை உகண்டாவோடு தொடங்கியதல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன். எங்கள் மகள் நியாவுக்கு நாலு வயது. என்னோடு டெனிஷில் கதைப்பாள், நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்வாள். காவ்யாவுக்கு டெனிஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆகவே காவ்யாவோடு நியா தமிழ் கதைப்பாள். அதுவும் திருச்சித் தமிழ். ஒருநாள் சோறு தீத்தும்போது என் பிள்ளை, “போதும்மா, வயிறு ஃபுல்லு” என்றாள். ரமணன் கைதட்டிச் சிரித்தார். நான் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். என் மகள் தமிழ் கதைத்த சந்தோசம் பாதி, அது என் தமிழ் அல்ல என்ற எரிச்சல் பாதி.

3

நான் ஏன் போக விரும்பினேன் என்பதை மெட்டெயிடம் சொன்னதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன்.

நான் வளர்ந்தது வன்னியில். போரால் இடம்பெயர்ந்து கொட்டில்களில் இருந்த காலம். மலேரியா வராத வீடு இருக்கவில்லை. மரத்துக்குக் கீழே நடந்த பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் சைக்கிளில் வருவார். வரிசையாக நிற்க வைத்து விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எடுத்துக்கொண்டு போவார். முடிவு வருவதற்குள் சிலருக்குக் காய்ச்சல் மாறியிருக்கும், சிலர் வேறு இடத்துக்குப் போயிருப்பார்கள். எனக்கு ஒருமுறை காய்ச்சல் தலைக்கேறி வலிப்பு வந்தது. எனக்கு எதுவும் நினைவில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். மாட்டுவண்டிலில் கிடத்திக்கொண்டு போனார்களாம். வழி முழுக்க அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாராம். நான் கண் திறந்து, “ஏன் கத்திறியள்” என்று கேட்டேனாம். அம்மா இதைச் சொல்லும்போது சிரிப்பார். நான் தாயான பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்குச் சரியாகக் கேட்டது.

என் சொட்டுக் குருதியை யாரோ ஒருவர் எங்கோ இருந்து பார்த்திருப்பார். அவர் என்னைப் பார்த்ததில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூடத் துறை படித்ததும், இங்கே வந்து இந்த வேலையில் ஒட்டிக்கொண்டதும் எல்லாம் அந்த ஒருவரின் கதிரையில் போய் இருப்பதற்காகத்தான் என்று சில நேரம் நினைப்பேன். இருந்த பிறகு தெரிந்தது, கதிரையில் இருந்தால் பிள்ளை தெரியாது. ஒரு எண், ஒரு ஊதா நிறத் துளி, அவ்வளவுதான். இப்போது எங்கள் நாட்டில் மலேரியா ஒழிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டார்கள். நல்ல விடயம். ஆனால் எனக்கு வந்த காய்ச்சலை நேரில் பார்க்க வேண்டுமானால் இனி நான் ஆபிரிக்காவுக்குத்தான் போக வேண்டும்.

இந்தக் கதிரைக்கு வந்த வழியும் சும்மா வழி அல்ல. ரமணனைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில் என் பட்டத்தை இங்கே ஒருவரும் பட்டமாகப் பார்க்கவில்லை. மொழிப் பள்ளிக்கூடம், பரீட்சை, யாழ்ப்பாணத்திலிருந்து முத்திரை குத்திய பிரதிகள், அந்த முத்திரை போதாது என்று வேறு முத்திரை, ஒரு அலுவலகத்தில் கேட்டால் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுவது. அந்த இடைக்காலத்தில் முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். முதல் நாள் இடைவேளையில் மேசையில் பெரிய கேக். எடுக்கிறாயா என்று கேட்டார்கள். வேண்டாம், நன்றி என்றேன். கேக் என்னைத் தாண்டிப் போனது. திரும்பி வரவேயில்லை. வீட்டில் வந்து சொன்னபோது ரமணன், “இஞ்ச பசிச்சவன் வாய் திறந்து சொல்லவேணும். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க இது உங்கட அம்மா வீடில்லை” என்றார்.

கேக்குக்காக அன்று நான் அழுதேன் என்றால் நம்புவீர்களா? அத்தனை தெரிந்த பிறகும், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அதே வேண்டாம்.

4

காவ்யா புரட்டாதியில் போனாள்.

போனதும் படங்கள் வரத் தொடங்கின. பிள்ளைகளின் முகங்களை அனுப்பக் கூடாது, அதில் அவள் மிக ஒழுங்கு. ஆகவே மற்றதெல்லாம் வந்தது. யன்னலோரம் வைத்த நுணுக்குக்காட்டி. தகரக் கூரையில் மழை. செம்மண் ஒட்டிய அவள் சப்பாத்து. அங்குள்ள தாய் ஒருத்தி அவள் தலையில் கட்டிவிட்ட மஞ்சள் துணி.

அந்த மஞ்சள் துணியை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு அது பொருந்தவில்லை என்று நினைத்தேன். எனக்குப் பொருந்தியிருக்கும் என்றும் நினைத்தேன். சப்பாத்தில் ஒட்டியிருந்த செம்மண்ணைப் பார்த்துக்கூடப் பொறாமை வந்தது. இங்கே நான் காலையில் நியாவைப் பேர்னஹேவயில் விட்டு, அதாவது பாலர் பள்ளியில் விட்டு, ஈரக் காற்றில் பஸ்ஸுக்கு நிற்பேன். என் சப்பாத்தில் ஒன்றும் ஒட்டாது.

ரமணனிடம் சொன்னேன். “அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையைத் தூக்கினவள்.”

“நீர் வேண்டாம் எண்டீர். அவள் ஓம் எண்டாள். இதில கோபிக்க என்ன இருக்கு?”

“நான் சொன்னது உண்மையான வேண்டாமோ?”

“பின்னை?”

பத்து வயதில் வந்தவருக்கு எங்கிருந்து தொடங்குவது?

அம்மாவிடம் கதைத்தால் ஆறுதலாக இருக்கும் என்று கிளிநொச்சிக்குப் போன் எடுத்தேன். “உனக்கென்ன பிள்ளை, விசரே? மலேரியாவில இருந்து உன்னைத் தப்பவைக்க நான் பட்ட பாடு! இப்ப பிளேன் ஏறி அதைத் தேடிப் போகப்போறியோ? போறவள் போகட்டும். நீ உன்ர பிள்ளையைப் பார்.”

அம்மா சொல்வதும் சரி என்று பட்டது. அன்று முழுக்க அதை நம்பினேன். அடுத்த நாள் காவ்யா ஒரு குரல்செய்தி அனுப்பினாள். பின்னால் எங்கோ ஒரு பிள்ளை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், நம்பிக்கை போய்விட்டது.

இந்த நாட்களில்தான் விபோர்க் நகரில் ரமணனின் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் ஒரு பிறந்தநாள். அக்கா தட்டில் ரோல்ஸோடு வந்து நியாவிடம், “வேணுமோடா செல்லம்?” என்று கேட்டார். நியா நிமிர்ந்து பார்த்து, “ஓம். ரெண்டு” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். “தாய்க்காரி வீட்டில ஒண்டும் குடுக்கிறேல்லைப் போல!” என்று யாரோ சொன்னார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. காரில் வரும்போது நியாவுக்குச் சொன்னேன்: ஆரும் ஏதும் தந்தால் முதல் வேண்டாம் எண்டு சொல்லவேணும். அவை திரும்பத் தருவினம். அப்ப வாங்கலாம்.

நியா டெனிஷில் கேட்டாள், “ஆனா எனக்கு வேணும்தானே?”

“வேணும் எண்டாலும்.”

ரமணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன்.

5

அவள் போய் ஒரு மாதம் ஆகும் போல, ஒரு சனிக்கிழமை மத்தியானம் காவ்யா எடுத்தாள். நான் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். குரல் வழக்கமான குரலாக இல்லை.

“அக்கா, பிஸியா?”

“இல்லை, சொல்லும்.”

ஒரு பெண்பிள்ளை, நியாவின் வயது. அரிவாள்கல நோய் உள்ள பிள்ளை. காய்ச்சலோடு கொண்டுவந்திருக்கிறார்கள். காவ்யா குருதியைப் பார்த்தபோது எண்ணவே முடியாத அளவுக்கு ஒட்டுண்ணி. பிள்ளையின் உள்ளங்கை கடதாசி போல வெளிறியிருந்ததாம். உடனே குருதி ஏற்ற வேண்டும், அந்த வகைக் குருதி அந்த நேரம் அங்கே இல்லை. பக்கத்து ஊருக்கு ஆள் போய்க் கொண்டுவரும் வரை தாய் கட்டிலின் விளிம்பில் பிள்ளையின் காலைப் பிடித்தபடி இருந்திருக்கிறாள். அழவில்லை, கத்தவில்லை.

“பொழைச்சிடுச்சுக்கா. இன்னைக்கு காலைல கஞ்சி குடிச்சா. ஆனா அந்த அம்மா... அந்த ரெண்டு மணி நேரம் நான் அங்கதான் நின்னேன். என்ன பண்றதுன்னே தெரில. பக்கத்துல உக்காரவா, தொடலாமா, எதுவும் தெரில. நான் சும்மா குளூக்கோஸ் பாட்டிலயே பார்த்துட்டு நின்னேன். நீங்களா இருந்தா போய் உக்காந்திருப்பீங்க.”

கையில் நியாவின் பிஜாமா இருந்தது. அதை மடித்தேன், திரும்ப விரித்தேன், திரும்ப மடித்தேன். அந்தத் தாய்க்காக நான் கவலைப்பட்டது உண்மை. ஆனால் உண்மையை எழுத வந்த பிறகு மற்றதையும் எழுத வேண்டும். அந்த நேரத்திலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அது நான் நிற்க வேண்டிய இடம். அந்தப் பிள்ளை காலையில் கஞ்சி குடித்ததை நான் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அது சில கிழமை கழித்து ஒரு எண்ணாக வரும்.

அப்போதுதான் கேட்டேன். கேட்க வேண்டும் என்று திட்டமிடவில்லை. “காவ்யா, அண்டைக்குக் கூட்டத்தில நான் வேண்டாம் எண்டு சொன்னது உமக்கு விளங்கினதோ?”

அந்தப் பக்கம் யாரோ ஒரு வாளியை இழுத்துக்கொண்டு போகும் சத்தம் மட்டும் வந்தது.

“புரிஞ்சுதுக்கா” என்றாள். “மெட்டெ இன்னொரு வாட்டி கேட்டிருந்தா சரின்னு சொல்லிருப்பீங்க. நானாச்சும், ‘அக்கா போயிட்டு வாங்களேன்’னு சொல்லிருந்தா அப்பவே சொல்லிருப்பீங்க. அதனாலதான் நான் சொல்லல.”

கையில் இருந்த பிஜாமாவை உடுப்புக் குவியலில் வைத்தேன்.

“எனக்கும் ஆசையா இருந்துச்சுக்கா. படிப்பு முடிஞ்சா விசா முடியுது. எனக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இங்க இருக்கான்னே தெரியாது. உங்களுக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு, நியா இருக்கா. நீங்க அப்புறம் போகலாம்னு நினைச்சேன். திட்டணும்னா திட்டுங்க.”

திட்ட நினைத்தேன். இவ்வளவு நாளும் மனதுக்குள் திட்டி வைத்ததெல்லாம் வரிசையாக இருந்தது. ஆனால் “உங்களுக்கு வீடு இருக்கு, நியா இருக்கா” என்று அவள் சொன்ன குரலில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமான ஒன்று. அவளும் என்னைப் பார்த்து எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“சாப்பிட்டீரோ?” என்று கேட்டேன்.

“நீர் சாப்பிட்டீரா அக்கா?” என்றாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கோபம் அத்தோடு போய்விட்டது என்று எழுதினால் பொய். குறைந்தது. அவள் ஒளிக்காமல் சொன்னதற்காகக் குறைந்தது. ஆசை என்று ஒன்று வந்தால் அதை இப்படி நேராகச் சொல்ல முடிகிறதே என்று, அதிலும் கொஞ்சம் பொறாமை மிஞ்சியது.

6

காவ்யா திரும்பி வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தாள். நியாவுக்கு அங்கே வாங்கிய துணிப்பொம்மை ஒன்றை நீட்டினாள். இவ்வளவு நாள் அவளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தெளிவான தமிழில் சொன்னாள்: “வேண்டாம்.”

காவ்யா என்னைப் பார்த்தாள். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது போலிருந்தது. பிறகு அவள் முழங்காலில் குந்தி, “ப்ளீஸ் நியாக் குட்டி, எனக்காக வாங்கிக்கோயேன்” என்றாள். நியா பறித்துக்கொண்டு ஓடினாள்.

போகும்போது வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டே காவ்யா சொன்னாள், “மழைக்காலத்துல திரும்ப ஒருத்தர் போகணும்க்கா. ஏப்ரல். இந்த தடவை நீங்கதான். மெட்டெகிட்ட நானே சொல்லிட்டேன், உங்களுக்கு அப்பவே ஆசைன்னு.”

“பாப்பம். உமக்கும் வேலை மிச்சம் இருக்குத்தானே, நீரே...”

“அக்கா! மறுபடியுமா?”

ரமணன் உள்ளே இருந்து சத்தமாகச் சிரித்தார்.

அதற்கு அடுத்த நாள்தான் மெட்டெ கோப்பி மெசினுக்கு முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்டார். மாத முடிவுக்குள் முடிவைச் சொல் என்றும் சொன்னார். நான் உடனே அரச அலுவலகத்துக்கு எடுத்து, ஆறு கிழமை வெளிநாட்டில் நின்றால் என் வதிவிட அனுமதிக்கு ஏதும் வருமா என்று விசாரித்தேன். ஒன்றும் வராது என்றார்கள். அடுத்த நாள் வேறு ஆள் எடுப்பார் என்ற நம்பிக்கையில் திரும்பவும் எடுத்தேன். வேறு ஆள்தான் எடுத்தார். அவரும் ஒன்றும் வராது என்றார். ரமணனுக்கும் முதியோர் இல்லத்தில்தான் வேலை, பகல் வேலையாக மாற்றிக்கொள்ள முடியும். “போம். நான் இருக்கிறன்தானே. தலை பின்னத்தான் தெரியாது, பழகுவன்.” அம்மா மட்டும் இரண்டு நாளாக போனில் “ம்” என்று மட்டும் சொல்கிறார். அதைச் சமாளிக்கலாம்.

மிஞ்சியது நியா.

நேற்று பின்னேரம் பேர்னஹேவயில், குளிர் உடுப்புப் போடும் அறையில், அவளுடைய கனத்த முழு உடுப்பை மாட்டிவிட்டுக்கொண்டே கேட்டேன். “அம்மா ஆபிரிக்காவுக்குப் போகட்டே செல்லம்? ஆறு கிழமை. கனநாள். இரவில அப்பாதான் கதை சொல்லுவார். அங்க வருத்தமான பிள்ளையள் இருக்கினம்.”

அவள் யோசித்தாள். “பிள்ளையளுக்குக் காய்ச்சலா?” என்று டெனிஷில் கேட்டாள்.

“ஓம்.”

“ஓகே” என்றாள். பிறகு, “இப்ப வீட்ட போவமா?”

நான் சிப்பை இழுத்து மூடாமல் அப்படியே இருந்தேன். அழுவாள், காலைக் கட்டிப்பிடிப்பாள், போகாதே என்பாள் என்று நினைத்துத்தான் பதில்களை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நான் இல்லாமலும் இவளுக்குச் சரியா என்று ஒரு எரிச்சல் வந்தது. போகும் தாய்க்கு வரக்கூடாத எரிச்சல். பஸ்ஸில் என் மடியில் இருந்து யன்னலில் மூச்சை ஊதிப் படம் கீறிக்கொண்டே வந்தாள். சந்தோசமாகத்தான் இருந்தாள். அல்லது அப்படித் தெரிந்தாள்.

வீட்டுக்கு வந்து சோறு போடும்போதுதான் அந்தப் பயம் வந்தது. இவள் டென்மார்க்கில் பிறந்த பிள்ளை. வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அப்படியானால் அவளுடைய ஓகே உண்மையான ஓகே. நான் போகலாம். ஆனால் மனதில் இருப்பதை முதல் தரம் சொல்லக்கூடாது என்று விபோர்க்கிலிருந்து வரும் வழியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் நான்தான். கெட்டிக்காரி, உடனே பழகிக்கொண்டாள். அப்படியானால் அந்த ஓகேக்குப் பின்னால், நான் இன்னொரு தரம் கேட்பேன் என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாளா?

இன்னொரு தரம் கேட்டால், போகவேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லிவிட்டால் என்னால் போக முடியாது, காவ்யாதான் போவாள். கேட்காமல் விமானம் ஏறினால், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொன்ன பிள்ளையை அந்தச் சொல்லிலேயே விட்டுவிட்டுப் போனவள் ஆவேன்.

இதை வாசிப்பவர்களில், சின்னப் பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்காகக் கொஞ்சக் காலம் வேறு நாட்டுக்குப் போன தாய்மார் இருப்பீர்கள். சின்ன வயதில் தாய் அப்படிப் போனதால் பின்னுக்கு நின்ற பிள்ளைகளும் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன், மாத முடிவுக்குள் யாராவது எழுதுங்கள். என் மகளிடம் நான் இரண்டாம் தரம் கேட்கட்டுமா, விடட்டுமா?